மண்ணுக்கு யார் பில் போடுவது?

முதலில் ஒரு வாக்குமூலம். ஒரு கூட்டுக் கொலைக்கு செக்கில் கையெழுத்துப் போட்டவன் நான்.

பதறாதீர்கள். போலீஸ் வரப்போவதில்லை. இந்தக் கொலைக்கு நம் ஊரில் செக்‌ஷன் கிடையாது. செத்தவர்கள் பெயர் கூட யாருக்கும் தெரியாது. எனக்கே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான் பொருளாளராக இருந்தேன். பி.காம். படித்தவன் என்று தெரிந்தால் போதும், எந்தச் சங்கமாக இருந்தாலும் இந்தப் பதவி தானாக வந்து தலையில் உட்கார்ந்துகொள்ளும். குடியிருப்பின் கிழக்குப் பக்கம், காம்பவுண்ட் சுவரை ஒட்டி நாலடி அகலத்துக்கு ஒரு மண் துண்டு இருந்தது. நீளம் நாற்பது அடி. பில்டர் மறந்து விட்டுப்போன இடம். வாட்ச்மேனின் மனைவி அதில் நாலு கத்தரிச் செடி, ரெண்டு தக்காளி, துளசி, கனகாம்பரம் என்று வைத்திருந்தார். சுவரோரம் மண்ணை அணைத்து ஒரு சின்ன மேடு.

ஒரு நாள் காலை, தரைத்தளத்துக்காரர் ஒருவர் செயலாளரைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த மேட்டைக் காட்டினார். பென்சில் நுழைகிற அளவுக்கு முப்பது நாற்பது ஓட்டைகள். அவற்றின் வாயில் பொடி மண். 'ஊய்ங்' என்று சத்தம் போட்டபடி என்னவோ பறந்துகொண்டிருந்தது. "பசங்க விளையாடற இடம் சார். ஏதாவது ஆச்சுன்னா சங்கம்தான் பொறுப்பு" என்றார். சங்கம் என்ற வார்த்தையைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

வாட்ச்மேன் மனைவி மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அது கொட்டாதுங்க சார். அது பாட்டுக்கு வரும், போகும். நான் தெனம் பக்கத்துல உக்காந்துதான் களை எடுக்கறேன்."

அந்த அம்மாவின் பேச்சை யார் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினார்கள்? பூச்சி மருந்துக்காரர் வந்தார். ஓட்டை ஓட்டையாக ஊற்றினார். 3,500 ரூபாய். மண்ணாக இருந்தால்தானே மறுபடி வரும் என்று செடிகளைப் பிடுங்கிவிட்டு முழுக்க பேவர் பிளாக் போட்டோம். 14,800 ரூபாய். மொத்தம் 18,300. கணக்கில் 'பராமரிப்பு' என்ற தலைப்பில் நான்தான் எழுதினேன். ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் கையெழுத்துப் போட்டுக் கொன்றது தேனீக்களை. நீலப்பட்டைத் தேனீ என்று பெயர்.

'தேனீயா? அது கூடு கட்டுமே, மண்ணில் எப்படி?' என்று கேட்கிறீர்கள் இல்லையா? நானும் அதையேதான் கேட்டேன். தேனீ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மரக்கிளையில் தொங்கும் அடை, ராணி, வேலைக்காரிகள், தேன் பாட்டில். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். உலகத்தில் விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கும் தேனீ வகைகள் 20,000-க்கும் மேல். அதில் நாம் பாட்டிலில் அடைக்கிற மாதிரி தேன் சேர்க்கும் ஏப்பிஸ் குடும்பத்து வகைகளை எண்ண இரண்டு கை விரல்கள் ஏறத்தாழப் போதும். இந்தியாவில் மட்டும் 700-க்கு மேல் தேனீ வகைகள். கொம்புத்தேன், மலைத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று நம் வாயில் வருவதை எண்ணுங்கள், ஐந்தைத் தாண்டாது. மீதிப் பேர் எங்கே குடியிருக்கிறார்கள்? தேனீ இனங்களில் ஏறக்குறைய 70 சதவீதம் மண்ணுக்குள். ஐரோப்பாவில், அமெரிக்காவில் வசந்த காலத்தில் புல்வெளியைத் தோண்டி வரும் ஆண்ட்ரீனா என்ற பெரிய குடும்பத்துக்கு 'மைனிங் பீ', அதாவது சுரங்கத் தேனீ என்றே பெயர். நம் சமவெளியில் அந்த வேலையைச் செய்வது நீலப்பட்டைத் தேனீ, நோமியா, லேசியோகுளோசம் என்று வேறு சில பேர்.

இவர்களுக்கு ராணி கிடையாது, பட்டாளம் கிடையாது. (லேசியோகுளோசத்தில் சிலர் சின்னக் கூட்டுக் குடும்பம் நடத்துவார்கள், அது தனிக் கதை.) நீலப்பட்டைத் தேனீயில் ஒவ்வொரு பெண்ணும் தனிக் குடித்தனம். தன் தாடையாலும் காலாலும் தானே தோண்டுகிறாள். ஒரு நடைபாதை, அதன் முடிவில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையின் சுவரிலும் தன் உடம்பிலிருந்து சுரக்கும் ஒரு பொருளைப் பூசுகிறாள். தண்ணீர் உள்ளே போகாது. நம் மொட்டை மாடிக்கு வருடா வருடம் கோட்டிங் போட்டும் ஒழுகுகிறதே, அந்த வாட்டர் ப்ரூஃப் சமாசாரம் இவளுக்கு ஓசியில் வருகிறது. பிறகு மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்துக் கூழ் மாதிரி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை. அறையை மூடிவிட்டு அடுத்த அறை. சில வாரங்களில் அவள் ஆயுசு முடிந்துவிடும். முட்டையிலிருந்து வரும் பிள்ளையை அவள் பார்ப்பதே இல்லை. கட்டுச்சோறு கட்டி வைத்துவிட்டுச் செத்துப்போகிற அம்மா. பிள்ளை அதைத் தின்று, வளர்ந்து, மண்ணைக் கிளறிக்கொண்டு தானாக வெளியே வர வேண்டும்.

வெளியே வருகிற வழியில்தான் நான் பேவர் பிளாக் வைத்தேன்.

அடையாளம் தெரியாததால்தானே இந்தக் கூத்து? நாளைக்கு உங்கள் சங்கத்திலும் யாராவது ஓட்டையைக் காட்டி அலறுவார். எனவே தெரிந்துகொள்ளுங்கள். நீலப்பட்டைத் தேனீ வீட்டுப் பக்கம் வரும் தேனீ அளவு, கொஞ்சம் குண்டு. நெஞ்சில் பழுப்பு ரோமம் அடர்ந்திருக்கும். கறுத்த வயிற்றில் பளபளவென்று நீலப் பட்டைகள். வெயிலில் சில நேரம் பச்சையாகத் தெரியும். சரசரவென்று வந்து, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஒரு நொடி நின்று, நீளமான நாக்கை நீட்டியபடி உள்ளே போகும். துளசி பூத்திருந்தால் காத்திருங்கள், பெரும்பாலும் வரும். சாயங்காலம் போனால் இன்னொரு வேடிக்கை. ஆண்களுக்கு வீடு கிடையாது. காய்ந்த குச்சியைத் தாடையால் கவ்விப் பிடித்துக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். லாட்ஜில் இடம் கிடைக்காத பேச்சலர்கள் மாதிரி.

நோமியா என்றால் வயிற்றுப் பட்டை முத்துச் சிப்பி மாதிரி மின்னும். லேசியோகுளோசம் எறும்பைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கறுப்பாக இருக்கும், ஈ என்று விரட்டிவிடுவோம். ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கு நான்கு. ஆனால் பறக்கிற பூச்சியின் இறக்கையை எண்ணிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இருக்காது. அதனால் ஓட்டையைப் பாருங்கள். எறும்புப் புற்று என்றால் சாரி சாரியாகப் போக்குவரத்து இருக்கும். இங்கே பெரும்பாலும் ஒரு வாசலுக்கு ஒரு ஆள். ஓட்டைக்குள் கம்பளிப்புழுவையோ வெட்டுக்கிளியையோ இழுத்துக்கொண்டு போனால் அது குளவி. பின்னங்காலில் மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு போனால் தேனீ. அந்தப் பொடியையும் கவனியுங்கள். பெட்டித் தேனீ மகரந்தத்தை நனைத்து உருண்டையாக ஒட்டிக்கொண்டு போகும். இவள் காலில் இருக்கும் ரோமப் புதருக்குள் உலர்ந்த பொடியாகவே திணித்துக்கொண்டு போவாள். கறுப்பு உடம்பில் நீலப் புள்ளிகளோடு ஒருத்தி ஓட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தால் மயங்காதீர்கள். அவள் தைரியஸ் என்ற குயில் தேனீ. அடுத்தவள் கட்டிய வீட்டில் திருட்டுத்தனமாக முட்டை போட்டுவிட்டு ஓடுகிறவள். எங்கும் இருப்பார்கள்.

கொட்டுமா? பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். ஆனால் காப்பாற்ற வேண்டிய ராணியோ அடையோ இல்லாததால் ஊரைக் கூட்டிக்கொண்டு துரத்தாது. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. வாட்ச்மேன் மனைவி சொன்னது அறிவியல். செயலாளர் சொன்னதுதான் மூடநம்பிக்கை.

நம் மொழிக்கும் இவை அந்நியம் இல்லை. சங்கப் பாட்டுக்காரர்கள் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பெயர் பெயராகச் சொன்னார்கள். தருமிக்குப் பொற்கிழி வாங்கிக் கொடுத்த பாட்டே தும்பியிடம் பேசுகிற பாட்டுதான். இன்று தும்பி என்றால் தட்டான் என்கிறோம். மீதி எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: பூச்சி. அதற்கு ஒரே பரிகாரம்: மருந்து.

'சரி, நீலமோ பச்சையோ, எனக்கென்ன?' என்று கேட்பவருக்கு ஒரு கத்தரிக்காய்க் கதை.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. நடுவில் மஞ்சளாக நிற்கும் குழாய்களுக்குள்தான் மகரந்தம் இருக்கிறது. அது வெளியே வர நுனியில் சின்ன ஓட்டை மட்டும், மிளகுப்பொடி தூவுகிற டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ அந்தக் குழாய்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமல், பறக்கிற தசைகளை மட்டும் உதறுகிறாள். 'ஊய்ங்' என்று ஸ்தாயி ஏறும். குபுக்கென்று மகரந்தம் அவள் வயிற்றில் கொட்டும். தக்காளிக்கும் இதே கதைதான். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடாரத்தில் தக்காளி வளர்ப்பவர்கள் 1980-களின் கடைசியிலிருந்து இதற்காகவே பம்பிள் தேனீயைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு இவளும், மரத்தைத் துளைக்கும் கருவண்டும், நோமியாவும் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். கத்தரி தானாகவும் கொஞ்சம் காய்க்கும், மறுக்கவில்லை. இவர்கள் வந்தால் காய்ப்பு கூடும்.

பிடி கத்தரிக்காய் வேண்டுமா வேண்டாமா என்று இந்த நாடே வாதாடியது ஞாபகம் இருக்கிறதா? 2010 பிப்ரவரியில் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். விதை யாருக்குச் சொந்தம், லாபம் யாருக்கு, விஷம் யாருக்கு என்று பக்கம் பக்கமாக எழுதினோம். நானும் எழுதினேன். அந்தக் கத்தரிப் பூவைக் குலுக்குகிறவள் எங்கே குடியிருக்கிறாள் என்று நான் ஒரு வரி எழுதவில்லை. அவள் குடியிருந்தது என் காலடியில்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

மே 20 உலகத் தேனீ தினம். 2017-ல் ஐ.நா. சபை அறிவித்தது. அன்றைக்கு வாட்ஸப் திறந்தால் ஐன்ஸ்டீன் வந்துவிடுவார். தேனீ அழிந்தால் மனிதனுக்கு நாலே வருஷம் என்று அவர் சொன்னாராம். அவர் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட உடுப்பு மாட்டி ஆட விடுகிறார்கள். ஆன்லைனில் 'தேனீ ஹோட்டல்' விற்கிறார்கள், மூங்கில் துண்டுகளை அடுக்கிய பெட்டி. இலைவெட்டித் தேனீ மாதிரி பொந்தில் வசிப்பவர்கள் அதில் ரூம் போடலாம். மண்ணில் வசிக்கும் 70 சதவீதத்துக்கு அங்கே இடம் இல்லை. அரசாங்கம் 2020-ல் தேசிய தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. நல்ல விஷயம், தேன் விவசாயிக்கு நாலு காசு வரட்டும். ஆனால் பெட்டியில் தேனீ வளர்ப்பதைத் 'தேனீயைக் காப்பது' என்று சொல்லாதீர்கள். பிராய்லர் பண்ணை வைத்துவிட்டுப் பறவைகளைக் காப்பாற்றினேன் என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா?

மண் தேனீக்கு ஏன் ஆதரவாளர் இல்லை? பி.காம். மூளைக்கு ஒரு பதில்தான் தோன்றுகிறது. அதில் யாருக்கும் பில் போட வழியில்லை. பெட்டி விற்கலாம், தேன் விற்கலாம், ஹோட்டல் விற்கலாம், மருந்து விற்கலாம், பேவர் பிளாக்கைச் சதுர அடிக் கணக்கில் விற்கலாம். சும்மா கிடக்கும் நாலடி மண்ணை யார் விற்பது? அதற்கு டெண்டர் கிடையாது. திறப்பு விழா கிடையாது. மண்ணை மூடினால் 'மேம்பாடு' என்று கல்வெட்டு வைக்கலாம். மூடாமல் விட்டதற்கு எந்தக் கவுன்சிலர் பெயரைப் பொறிப்பது?

தெருவில் போய்ப் பாருங்கள். வேப்ப மரத்தின் கழுத்து வரை சிமென்ட். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு கான்கிரீட்டைப் பெயர்த்து எடுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவு போட்டது. மரம் மூச்சுவிடுவதற்கே கோர்ட் உத்தரவு தேவைப்படுகிற தேசம் இது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நாமும் மண்ணை முழுக்க மூடிவிட்டு, மழைத் தண்ணீர் அதற்குள் இறங்குவதற்குத் தனியாக பைப் போட்டு, அதற்கும் ஒரு பில் வாங்கி வைத்துக்கொண்டோம்.

'காசு பேசினால்தான் கேட்பேன்' என்பவர்களுக்காக அமெரிக்கா வரை போகலாம். வாஷிங்டன் மாநிலத்தின் தென்கிழக்கில் டச்செட் பள்ளத்தாக்கு. அங்கே குதிரை மசால் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அந்தப் பூ ஒரு பொறி மாதிரி. தேனீ வந்து உட்கார்ந்தால் பட்டென்று முகத்தில் அறையும். பெட்டித் தேனீ ஒரு தடவை வாங்கிக்கொண்டு, அடுத்த தடவை பக்கவாட்டில் நாக்கை விட்டுத் திருட்டுத்தனமாகக் குடிக்கப் பழகிவிடும். மகரந்தச் சேர்க்கை நடக்காது. அறையை வாங்கிக்கொண்டு வேலை பார்ப்பவள் ஆல்கலி தேனீ. நோமியா குடும்பம், நம் ஊர் நோமியாவுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. மண்ணில் குடியிருப்பவள்.

அந்த விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? நிலத்தில் ஒரு பகுதியை அவளுக்கென்று காலியாக விட்டார்கள். அடியில் குழாய் பதித்து ஈரம் கொடுத்தார்கள். ஈரம் காயாமல் இருக்க மேலே உப்புத் தூவினார்கள். 2008-ல் வெளியான கணக்கெடுப்பு, எட்டு வருடத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் இவர்கள் ஒன்பது மடங்காகி, கூடு கட்டும் பெண்கள் மட்டும் 1 கோடியே 70 லட்சம் என்றது. அந்தப் பக்கத்துச் சாலையில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். காரணம், தேனீ அடிபடும். ஜீவகாருண்யம் எல்லாம் இல்லை, பச்சை வியாபாரம். வெறும் மண் ஒரு சொத்து என்று அவர்களின் பேலன்ஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. நாம் அதைச் 'செலவு செய்து சரிசெய்ய வேண்டிய குறை' என்று எழுதுகிறோம்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இமிடாகுளோப்ரிட் என்று ஒன்று இருக்கிறது. இங்கே வயலுக்கும் அடிக்கிறார்கள், வீட்டுக்குக் கரையான் மருந்தாகவும் மண்ணில் இறக்குகிறார்கள். தேனீக்கு ஆபத்து என்று ஐரோப்பிய யூனியன் 2018-ல் திறந்த வெளியில் இதைப் பயன்படுத்தத் தடை போட்டது. கனடாவில் பூசணிச் செடிக்கு நடும்போது மண்ணில் இதை இட்டுப் பார்த்தார்கள். மண்ணில் கூடு கட்டும் பூசணித் தேனீ, மருந்து போடாத இடத்தைவிட 85 சதவீதம் குறைவாகத்தான் கூடு கட்டியது. 2021-ல் வெளியான ஆய்வு. பூவில் இருக்கும் விஷத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். இவளுக்கு வீடே விஷம். எங்கள் ஓட்டைகளில் என்ன ஊற்றினார்கள் என்று பில்லைத் தேடிப் பார்த்தேன். 'பூச்சி கட்டுப்பாடு' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த வவுச்சரையும் பாஸ் பண்ணியவன் நான்தான்.

கரையான் வந்தால் மருந்து அடிக்காதே, டெங்கு வந்தால் சும்மா இரு என்று நான் சொல்லவில்லை. வெறும் மண்ணில் டெங்குக் கொசு வளராது, உங்கள் ஏ.சி. தண்ணீர் தேங்கும் டப்பாவில் வளரும். பாம்பு வரும் என்பவர்களுக்கு, அது வெட்டவெளி மண்ணைவிடக் குப்பைக் குவியலைத்தான் விரும்பும். மழையில் சேறாகும் என்பது உண்மை. நடக்கிற இடத்துக்குக் கல் போடுங்கள். நடக்காத இடத்துக்கு எதற்கு?

ஒரு பாடமும் எடுக்காமல் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வாட்ச்மேன் மனைவியின் முகம் விடவில்லை. பேவர் பிளாக் போட்ட பிறகு மாடிப்படிக்கு அடியில் பெயின்ட் டப்பாக்களில் கத்தரி வைத்துப் பார்த்தார். நன்றாகப் பூத்தது. ரொம்பவும் கொட்டிப்போனது. தேனீ இல்லாததால்தான் என்று நான் சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது. டப்பா செடிக்கு ஆயிரம் காரணம் இருக்கும். "பூவு நிக்க மாட்டேங்குது சார்" என்று என்னிடம் அவர் சொன்னபோது, நான் செல்போனைப் பார்க்கிற மாதிரி நடித்தேன்.

போன மாதப் பொதுக்குழுவில் எழுந்து நின்றேன். சுவரோரம் நாலுக்குப் பத்தடி மட்டும் கல்லைப் பெயர்த்துவிட்டு மண்ணாக விடலாம், துளசி நட்டுக்கொள்ளலாம், ஓட்டை விழுந்தால் யாரும் கை வைக்கக் கூடாது என்று தீர்மானம் கொடுத்தேன். அரை மணி நேரம் வாக்குவாதம். தரைத்தளத்துக்காரர் எழுந்து வெளியே போனார். கடைசியில், அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

வெளியே வரும்போது புதிய பொருளாளர் என்னை ஓரமாக அழைத்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். அவரும் பி.காம். "அண்ணா, எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லை எடுக்கிற கூலியைப் பராமரிப்பில் எழுதிடலாம். அதுக்கப்புறம் அந்த இடத்தைக் கணக்குல எந்தத் தலைப்புல காட்டறது?"